கட்டத் தலைப்பாக்காரன் திரும்பி வந்த கதை

படத்தில் இருந்த பொய்யெல்லாம் போதாதென்று தானும் பொய் சொல்லி, கடைசியில் அந்தப் படத்தையே உண்மையாக்கிவிட்டவர் மன்னார்த் தீவில் ஒருவர்தான்: எங்கள் குழல் காக்கா.

அப்போது படங்கள் பேசாது. அதனால் காக்கா பேசினார். தீவிலேயே தாராபுரத்து ஆள்; அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை வளைத்துச் செய்த குழலோடு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். திரையில் இங்கிலீசு எழுத்து விழும். காக்காவுக்கு இங்கிலீசு தெரியாது. கதை நன்றாக இருந்ததற்குக் காரணமே அதுதான்.

நான் பகலில் கந்தோரில் கோப்பு எழுதும் கிளாக்கர், பின்னேரத்தில் சிங்கம். பெரிய மண்பானைக்குள் தலையை விட்டு உறுமுவது என் பொறுப்பு.

எங்கள் கொட்டகைக்கு வந்ததெல்லாம் காட்டுப் படங்கள், அதுவும் மலிவான காடு. காட்டுவாசித் தலைவன் கையில் மணிக்கூடு கட்டியிருப்பான். முதலையின் வயிற்றில் ஆணி தெரியும். ஒரே யானை இப்படிப் போய் அப்படித் திரும்பி வந்தால் அது யானைக் கூட்டம். கொட்டகைக் கயிற்றை நாங்கள் ஆபிரிக்காவிலிருந்து வந்த நிஜமான பெருக்கமரத்தில் கட்டியிருந்தோம். திரையிலிருந்த ஆபிரிக்காவிலோ சாடியில் வைத்த குரோட்டன் செடி.

இந்த ஓட்டைகளைக் காக்கா அடைக்கும் விதமே தனி. மணிக்கூடு வரும் நேரம் பார்த்து, "இடப்பக்கம் பாருங்கோ, குரங்கு!" என்று கத்துவார். சனம் முழுக்க இடப்பக்கம் திரும்பும்.

"எங்க காக்கா குரங்கு?"

"ஏறிட்டுது. இனியாவது நேரத்தோட திரும்புங்கோ."

"சேத்துக்குள்ளால வந்த துரைசானிக்குச் சப்பாத்து நனையேல்லையே?"

"துரையின்ர பொஞ்சாதி. சேறு பயந்து விலகினது."

ஒரு படத்தில் மட்டும் ஓட்டை பெரிது. துரையோடு ஆறு சுமையாட்கள். அதில் கட்டம் போட்ட தலைப்பாக்காரன் பாதிப் படத்தில் மலையிலிருந்து விழுந்துவிடுவான். கடைசி ரீலில், துரை ஊர் திரும்பும்போது, அவனே அதே தலைப்பாவோடு பெட்டி சுமந்து பின்னால் போவான். படம் எடுத்தவர்கள் கவனிக்கவில்லை. அந்த இடத்துக்குக் காக்கா இரண்டு குரங்கு விடுவார்.

அந்தப் படத்தின் மூன்றாம் நாள் காக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குழலை என்னிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நீ சொல்லு, சிங்கம்."

"ஐயோ காக்கா, எனக்கு உறுமத்தான் தெரியும்!"

"கந்தோரில பிந்திப் போனால் துரையிட்ட என்ன சொல்லுவாய்? அந்த வாய்தான். போ."

பானைப் பழக்கத்தில் குழலின் அகலப் பக்கத்துக்குள் முகத்தைக் கொடுத்துவிட்டேன். சனம் சிரித்ததில் மீதி அறிவும் போயிற்று.

முன்னால் பாயில் தோட்டவெளிப் பிலோமினா அக்கா இருந்தா. புருசன் அந்தோனியின் வள்ளம் இராமேஸ்வரப் பக்கம் போய் ஒன்பது நாளாகச் செய்தி இல்லை. வீட்டிலிருந்து அழ வேண்டாமென்று மச்சாள் இழுத்து வந்திருந்தா. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், சுமையாள் விழுந்தபோது பதற்றத்தில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"முடிஞ்சுது! செத்தான்! எலும்புகூட மிஞ்சாது!"

பாயிலிருந்து ஓர் ஓலம். "ஐயோ மாதாவே, அவரும் இப்பிடித்தானே போயிருப்பார்!"

அந்த நேரத்தில் நான் செய்த வீரச்செயல்: பானைக்குள் தலையை விட்டேன். உறுமுவதற்கல்ல, ஒளிப்பதற்கு.

காக்கா குழலைப் பறித்தார். தகரத்தில் கல் உரசுவது போல ஒரு குரல் வந்தது.

"ஆர் சொன்னது செத்தவனெண்டு? சிங்கத்துக்கு விசர்! விழுந்ததைத்தானே பாத்தனீங்கள்? செத்ததை ஆர் பாத்தது? பிலோமினா, அழாதை பிள்ளை. அந்தக் கட்டத் தலைப்பாவை மட்டும் நினைவில வைச்சிரு."

அதற்குப் பிறகு ஒரு குரங்கும் வரவில்லை. மணிக்கூடு வந்தது, ஆணி தெரிந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. முந்திய இரண்டு நாளும் கடைசி ரீல் அறுந்து, ஒட்டி ஒட்டி ஓட்டியதை நாங்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை.

அன்று அறவில்லை.

"வலப்பக்கம் பாருங்கோ! பெட்டியோட வாறான்!"

காக்கா ஒரு ஓட்டையைத் தானே விரல் நீட்டிக் காட்டியது அதுதான் முதல் தடவை. கொட்டகை எழுந்து நின்றது. "ஓம், அவன்தான்! அதே தலைப்பா!"

"எப்பிடிக் காக்கா தப்பினவன்?"

"கீழ ஆறு. ஆத்தில ஒரு வள்ளம். வள்ளக்காரர் ஆளைக் கைவிடுவினமோ?"

பிலோமினா அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கும் நேரத்துக்குள் அவன் போய்விடுவான் என்று பயந்தவ போல அப்படியே பார்த்துக்கொண்டிருந்தா.

நாலு நாள் கழித்து அந்தோனி அண்ணன் வந்து சேர்ந்தார். பாய்மரம் முறிந்து பாம்பன் கரையில் ஒதுங்கியிருந்தாராம். அக்கா அவரைக் கையில் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டி வந்தா. கடைசி ரீலை உற்றுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அது வெறும் பெட்டி. பாரம் தூக்கிறவன் இப்பிடி நடக்கமாட்டான்."

காக்கா உடனே, "இடப்பக்கம் பாருங்கோ, குரங்கு!"

இப்போது படங்கள் தாங்களே பேசுகின்றன. நானும் தீவில் இல்லை. போன மாதம் தாராபுரத்திலிருந்து கடிதம் வந்தது, காக்கா மௌத்தாகிவிட்டாரென்று. செத்தார் என்று எழுதியவன் பதற்றக்காரன், என்னைப் போல. கடைசி ரீல் இன்னும் ஓடவில்லை. நான் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.