முனிரத்தினம் மூன்று முறை செத்த கதை

பெங்களூரில் யாருக்கும் தன்னால் எந்தக் கஷ்டமும் வருவதில்லை என்பது இந்த வருஷம்தான் தெரிய வந்தது. எல்லாம் தாத்தாக்கள் செய்த வேலை.

சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா? டிராஃபிக்கினால் அல்ல. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மாட்டுவண்டியை எவனோ வழிமறித்திருக்கிறான். ஆபீசில் இந்த முறையும் இன்க்ரிமென்ட் இல்லையா? மேனேஜரைத் திட்டாதீர்கள். ஐந்து தலைமுறைக்கு முன்னால் உங்கள் பாட்டி ஒருத்தியைப் பந்தியில் பாதியில் எழுப்பி விட்டிருக்கிறார்கள். ராத்திரி நாலு பரோட்டா தின்றுவிட்டுக் காலையில் நெஞ்சு எரிந்தால், பரோட்டாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வம்சத்தில் யாரோ தீயில் வெந்திருக்கிறார்கள்.

இந்த அரிய உண்மையை ஊருக்கு வழங்கியவர் வம்சவைத்தியர் அபினவ்ஜி. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, வெள்ளை கார். தாடி மட்டும் சொந்தம். முன்பு ரியல் எஸ்டேட்டில் இருந்தார். இல்லாத ஏரிக்கரையில் வில்லா விற்ற மனிதருக்கு இல்லாத தாத்தாவை விற்பதா கஷ்டம்?

அவருடைய முறை எளிமையானது. பெயரைக் கேட்பார், ஊரைக் கேட்பார். அதற்கு மேல் வாயைத் திறந்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "மீதியை உங்க ரத்தம் சொல்லும்." பிறகு ஒரு பித்தளைக் கிண்ணத்தை உங்கள் வயிற்றில் வைத்து ஒரு தட்டு தட்டுவார். டொய்ங்ங்ங். கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்பார். கண்ணில் நீர் கோக்கும். உங்கள் தாத்தா எப்படி அநியாயமாகச் செத்தார் என்று சொல்வார். அந்தச் சாவு உங்கள் ரத்தத்தில் முடிச்சாக விழுந்திருக்கும். தலைமுறைக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு அமர்வு, அமர்வுக்கு ஒரு கட்டணம். தலைமுறைகள் ஏழு. வம்சம் பெரிது, பர்ஸ் சிறிது என்பவர்களுக்குத் தவணை வசதியும் உண்டு.

ஆஸ்டின் டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்தோணி தாஸுக்கு இந்த ஞானம் மனைவி வழியாக வீடு தேடி வந்தது. மேரி போனது கணவனின் குறட்டைக்கு மருந்து கேட்க. திரும்பி வந்தது கண்ணீரோடு.

"உங்க தாத்தா பாவங்க."

"எந்தத் தாத்தா?"

"உங்க அப்பாவோட அப்பா. கோலார்ல சுரங்கம் இடிஞ்சி, மண்ணுக்குள்ள மூச்சு முட்டியே செத்துட்டாராம். உள்ள மாட்டிக்கின அந்த மூச்சுதான் ராத்திரில உங்க மூக்கு வழியா வெளிய வருதாம்."

தாஸ் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"எந்த ஊருன்னு கேட்டாரா?"

"கேஜிஎஃப்னேன். சொன்ன உடனே கண்ண மூடிக்கினாரு. உடம்பெல்லாம் நடுங்கிச்சு அவருக்கு."

நடுங்காமல் என்ன செய்யும்? தங்கவயல்காரனுக்குச் சுரங்கம் என்று சொல்ல ரத்தம் எதற்கு, பஸ் போர்டு போதுமே. ஆனால் தாஸ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பல நல்ல வாக்கியங்களை இப்படி விழுங்கியிருக்கிறான்.

விழுங்க முடியாதது அடுத்து வந்தது. அந்த முடிச்சு மகள் ஜெனிஃபர் ரத்தத்திலும் இருக்கிறதாம். அவிழ்க்காமல் கல்யாணம் செய்தால் மாப்பிள்ளைக்கு இறங்கிவிடுமாம். ஏழு முடிச்சும் அவிழும்வரை தாலி கூடாதாம். விவேக் நகர் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை கில்பர்ட் சூட்டுக்கு அளவு கொடுத்துவிட்டான். மேரியோ வரும் வழியிலேயே ஆட்டோவில் இருந்தபடி சம்பந்தி பிரிசில்லாவுக்குப் போன் போட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைப்போம் என்று சொல்லிவிட்டாள்.

பிரிசில்லா சும்மா இருக்கிற ஆளா? "எம் புள்ளைக்கு இன்னா கொறச்சலு? ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஆமாவா இல்லியான்னு சொல்லுங்க. இல்லன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்று வைத்துவிட்டாள்.

சமாதானம் பேச அல்சூரிலிருந்து அண்ணன் பெருமாள்சாமி வந்தார். இங்கே இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியவர் நெற்றியில் நாமம். நடுவன் ஏழுமலை, மேரியைக் காதலித்து ஞானஸ்நானம் வாங்கி அந்தோணி தாஸ் ஆனான். சின்னவன் டேனரி ரோட்டில் பௌத்தம் ஏற்று கௌதமன் ஆனான். மூன்று சாமி என்று வெளியே சொல்வார்கள். கௌதமன் மட்டும் "என்னைச் சேக்காதே, எனக்கு சாமியே கெடையாது" என்று திருத்துவான். தங்கவயல் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். பிரியாணி எந்த வீட்டில் என்பதைத் தவிர வேறு மதச் சண்டை வந்ததில்லை.

பெருமாள்சாமி காபியை ஆற்றியபடி கேட்டார். "சுரங்கத்துல செத்தது யாருடா?"

"என் தாத்தாண்ணா."

"உன் தாத்தான்னா?"

"அப்பாவோட அப்பா."

"அடப்பாவி, அவரு எனக்கும் தாத்தாதானேடா! எனக்குக் கொறட்டையே கெடையாதே."

"இருக்குது மாமா," என்றாள் மேரி. "அக்கா சொல்லிக்கீறாங்க."

ஜெனிஃபர் சட்டென்று நிமிர்ந்தாள். "டாடி, தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டா முடிஞ்சது. அவங்கப்பா எப்படிச் செத்தாருன்னு அவருக்குத் தெரியாதா?"

தாத்தா என்றால் குணசேகர். இந்த மூன்று பேரையும் பெற்றவர். ராபர்ட்சன்பேட்டையில் திடமாக இருக்கிறார். அவரைக் கேட்கலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. செத்தவரிடம் பேசக் கட்டணம் கட்டியாகிவிட்டது. உயிரோடு இருப்பவரிடம் பேச ஒரு ரீசார்ஜ் போதும் என்பது அவ்வளவு மலிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மேரி தலையை ஆட்டினாள். "வயசானவரு, மறந்திருப்பாரு. ரத்தம் மறக்காது."

"சரி, ரத்தத்தையே கேப்போம்," என்றான் தாஸ். தன் குரலைக் கேட்டு அவனுக்கே ஆச்சரியம். "மூணு பேரும் போறோம். அண்ணன் தம்பின்னு சொல்ல மாட்டோம். அவர்தான் பேரையும் ஊரையும் தவிர எதையும் சொல்லக் கூடாதுங்கறாரே. தாத்தா ஒருத்தர். சாவு ஒண்ணாதானே வரணும்?"

"ஒண்ணாதான் வரும்! பந்தயம்!" என்றாள் மேரி.

"வேற வேற வந்தா?"

"அடுத்த நிமிஷம் பிரிசில்லாவுக்குப் போன் பண்றேன். கல்யாணம் அதே தேதில."

ஞாயிற்றுக்கிழமை. அபினவ்ஜி கூட்டம் நடத்தும் கல்யாண மண்டபம். வெளியே ஆட்டோவுக்கு மேல் ஆட்டோ. உள்ளே லேப்டாப் பையோடு ஒயிட்ஃபீல்ட் கூட்டம், ஜெபமாலையோடு விவேக் நகர் கூட்டம், முதுகுவலி எல்லாருக்கும் பொது. வெள்ளைப் புடவையில் வீணா என்ற சிஷ்யை மைக்கைப் பிடித்து, "மொபைல் சைலண்ட் மாடி, சைலண்ட் பண்ணுங்க ப்ளீஸ். முன்னோர்களுக்கு சிக்னல் கட் ஆகுது," என்றாள். ஏழு தலைமுறைக்கு முந்தியவர்களுக்கும் இந்த ஊரில் நெட்வொர்க் தகராறுதான்.

பெருமாள்சாமி முதலில் மேடை ஏறினார்.

"பேர்?"

"பெருமாள்சாமி."

"ஊர்?"

"அல்சூரு."

டொய்ங்ங்ங். அபினவ்ஜி கிண்ணத்தில் காது வைத்தார். "தண்ணி… படிக்கட்டு… கோயில் குளம். தெப்பத் திருவிழா. உங்க அப்பாவோட அப்பா கால் வழுக்கி… அய்யோ!" கூட்டமும் அய்யோ என்றது. "அதனாலதான் உங்களுக்குக் குளிக்கவே பிடிக்கலை."

"ரெண்டு வேளை குளிக்கிறேனுங்களே."

"அதேதான்! பயத்தை ஜெயிக்கப் பாக்கறீங்க!"

கைதட்டல். குளித்தாலும் முடிச்சு, குளிக்காவிட்டாலும் முடிச்சு. வைத்தியம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இடையில் நாலைந்து பேர் ஏறி அழுது இறங்கிய பிறகு கௌதமன் போனான். ஊர் டேனரி ரோடு. டொய்ங்ங்ங். "அரச மரம்… இளம் வயசு… உங்க அப்பாவோட அப்பா பெண்டாட்டி புள்ளையை விட்டுட்டு ராத்திரியில கிளம்பிப் போனவர். ஞானம் தேடி. மரத்தடியில பாம்பு…"

"பாம்ப வுட்டுட்டுப் பாத்தா, இந்தக் கதைய நான் எங்கியோ கேட்டுக்கீறேனே சார்," என்றான் கௌதமன்.

"கேட்டிருப்பீங்க. உங்க ரத்தத்துல ஓடுதே!"

மூன்றாவதாக அந்தோணி தாஸ். ஊர் கேஜிஎஃப். கிண்ணத்தைத் தட்டக்கூடத் தேவைப்படவில்லை. சுரங்கம் தானாக இடிந்தது. மேரி முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டு விரல்விட்டு ஏதோ எண்ணினாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. சாதாரண மூக்கில்லை, முகத்துக்கு முன்னால் கிளம்பி வருகிற மூக்கு. ஏழு தலைமுறை ரத்தத்தைத் துருவிப் பார்க்கிறவருக்கு, அரை அடி தூரத்தில் மூன்று முறை வந்து நின்ற மூக்கு தெரியவில்லை. பெயரில் சாமி இருந்தால் குளம், அந்தோணி இருந்தால் வேறு வம்சம் என்று அவர் கணக்கு.

ஜெனிஃபர் மேடையேறி வீணாவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"பெரியப்பா, டாடி, சித்தப்பா! மூணு பேரும் உங்க தாத்தா பேரைச் சொல்லுங்க."

"முனிரத்தினம்!"

"அப்பா பேரு?"

"குணசேகர்!"

கூட்டம் மூன்று மூக்குகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"மூணு பேரும் கூடப் பொறந்தவங்க. ஒரே முனிரத்தினம் குளத்துலயும் முழுகி, பாம்பும் கடிச்சி, சுரங்கமும் இடிஞ்சி செத்திருக்காரு. எது முதல்ல நடந்தது அபினவ்ஜி?"

அபினவ்ஜி தாடியை நீவினார். ரியல் எஸ்டேட் அனுபவம் வீண் போகுமா? "இதுதான் பன்முக மரணம். ரொம்ப அபூர்வமான ஆத்மாக்களுக்கு மட்டும்…"

நம்பினால் நம்புங்கள், முன்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்புகூட எடுத்தார்.

"யோவ்!" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். ஜெனிஃபர் போன் போட்டதில் காலை பாசஞ்சரில் வந்து இறங்கியிருந்த குணசேகர் எழுந்து நின்றார். அந்த மூக்கின் அசல் பிரதி எல்லாருக்கும் தெரிந்தது. "எங்கப்பன் ஒரு தபாதான்யா செத்தான். நான்தான் கொள்ளி வெச்சேன்."

கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"அவரு ஆஸ்பத்திரில சமையக்காரரு. சொரங்கத்த எட்டிக்கூடப் பாத்ததில்ல. நாங்க இருந்த பக்கம் கொளமே கெடையாது, குடிக்கவே தண்ணி லாரில வரும். பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடணும்னு அவருக்கு ஆசதான். எங்கம்மா வுடல. இவனுங்க பொறக்கறதுக்கு முந்தியே, அம்பது தாண்டி, ஒரு ஞாயித்துக்கெழம கறிக்கொழம்பு ஊத்தித் தின்னுட்டு, இன்னும் ரெண்டு துண்டு போடுன்னாரு. எடுத்துனு வர்றதுக்குள்ள போயிட்டாரு."

அபினவ்ஜியின் கண்கள் பளிச்சிட்டன. "பாத்தீங்களா! நிறைவேறாத அந்த ரெண்டு துண்டு! அதுதான் முடிச்சு!"

"அத நான் தின்னுட்டேன். அவுந்துட்ச்சி."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு யார் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே ஒரு ஐடி பையன் எழுந்து, "ஒரு நிமிஷம்! என் தாத்தாவும் தெப்பக்குளத்துலதான் முழுகினார்னு சொன்னாரு!" என்றான். "எங்க தாத்தாவும் அதே குளம்!" என்றார் சீனிவாசராகவன் என்ற பெரிய மனிதர். பின்னால் இன்னொரு கை, இன்னொரு குளம். அன்றைக்கு அந்தக் குளத்தில் முழுகிக் கிடந்த தாத்தாக்களைப் பார்த்தால், தண்ணீர் நிற்கவே இடம் இருந்திருக்காது.

இந்தக் கூச்சலில் அபினவ்ஜி சமையல்கட்டு வழியாகப் போய்விட்டார். போகும் அவசரத்திலும் கிண்ணத்தை விடவில்லை. தொழில் தெரிந்தவர்.

மேரி பந்தயத்தில் நேர்மையானவள். அங்கேயே பிரிசில்லாவுக்குப் போன் போட்டாள். மூன்றாவது வரிசையில் மணி அடித்தது.

"சம்பந்தி! நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

முக்காட்டை விலக்கிய பிரிசில்லாவின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "இல்ல… எங்க பக்கமும் ஏதாச்சும் முடிச்சு கீதான்னு… சும்மா பாக்கலாம்னு…"

"முடிச்சு கீதா?"

"என் டோக்கன் இன்னும் வரல."

"நல்லதாப் போச்சு. தேதி அதேதான். கில்பர்ட்டை சூட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

ஜெனிஃபர் இரண்டு அம்மாக்களையும் ஒருசேரக் கட்டிக்கொண்டாள். தாஸுக்கு மூச்சு வந்தது. இந்த முறை சத்தமில்லாமல்.

கதை இதோடு முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நான் நல்லபடியாக நினைத்துக்கொண்டே போயிருப்பேன். தாஸ் திரும்பிப் பார்த்தபோது குணசேகர் முன்னால் ஒரு வரிசை நின்றது. அதே ஜெபமாலைகள், அதே லேப்டாப் பைகள். முதலில் நின்ற அம்மாள் அவர் காலைத் தொடக் குனிந்துவிட்டாள்.

"பெரியவரே, நீங்க உண்மை தெரிஞ்சவரு. எனக்கு ஏன் முழங்கால் வலிக்குது, எந்தப் பாட்டன் காரணம்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

குணசேகர் பயந்து காலை நாற்காலிக்கு மேல் தூக்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து வாக்கியங்களை விழுங்கிக்கொண்டிருந்த தாஸ், அன்று ஒன்றை விழுங்காமல் துப்பினான்.

"எழுந்திரும்மா! பாட்டன் விட்டுட்டுப் போன வலிக்கு இத்தனை வாரிசு வரிசைல நிக்கிறீங்களே, அவன் மூளையும்தான் விட்டுட்டுப் போனான். அதைக் கேட்டு வாங்கிக்க ஒருத்தராவது வந்தீங்களா?"