சாவி என் பையில்

இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் எங்கள் கார்தான். அதுவும் என் பேச்சை மட்டும்தான் கேட்கும். அதனால்தான் அதன் பழுதான இக்னிஷன் ஸ்விட்சை இரண்டு வருஷமாக நான் மாற்றவில்லை.

சாவியை முழுக்க நுழைக்க வேண்டும். நூலளவு வெளியே இழுக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒரு ஆட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு திருகு. நாலாவது தடவை கிளம்பினால் அன்றைக்கு நல்ல நாள். "உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு சார், மாத்திடுங்க" என்று ஆரம்பித்தார் மெக்கானிக். மேலே ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. கதவுப் பூட்டுகள் எப்போதோ போய்விட்டன, இந்தக் கோளாறுதான் வண்டிக்குக் காவல் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

யாரிடமிருந்து காவல் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் மனைவி டிரைவிங் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கற்றுக்கொடுத்தவர் அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஆறடி உயரம். அன்றிலிருந்து வீட்டில் ஓயாத மாஸ்டர் புராணம்.

"மாஸ்டர் ரிவர்ஸ் எடுக்கிற அழகே தனிங்க."

"நானும்தான் எடுக்கறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எடுக்கறப்ப நான் கண்ண மூடிக்கறேனே."

நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

"ஒரு நாள் கார என்கிட்ட குடுங்களேன்."

"உனக்கு ஸ்டார்ட் ஆகாதும்மா. அது என் கைக்குப் பழகின வண்டி."

சொன்னதோடு விடவில்லை. ஆபீஸ் வேனில் வேலைக்குப் போகும்போதும் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறி உட்கார்ந்தேன். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. சீட் பின்னால் போயிருந்தது. கண்ணாடி திரும்பியிருந்தது. மீட்டரில் பதினோரு கிலோமீட்டர் கூடியிருந்தது. என் மனைவி ஐந்தடிதான். இந்த சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்கு ரோடே தெரியாது. அப்படியானால் அந்த நீளக் கால் யாருடையது? இறங்கி நேராக அவளிடம் போனேன்.

"நம்ம கார யாராவது தொட்டாங்களா?"

"யாரு தொடப் போறாங்க? அதுதான் உங்க பேச்ச மட்டும் கேக்குமே." துணி மடித்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை. கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு. வழக்கம் போல "வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை போய், அப்படியே ஷெட்டுக்குள் திரும்பி, காரின் பின் சீட்டுக்குக் கீழே சுருண்டு, மேலே கார் கவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பெட்ரோல் வாடை, புழுக்கம், முதுகில் ஜாக்கி. மானம் போகிற விஷயத்தில் முதுகைப் பார்த்தால் முடியுமா?

எட்டரைக்கு வாசலில் ஹாரன் கேட்டது. அடடா, ஆபீஸ் வேன்! அதை யோசிக்கவே இல்லையே. என் மனைவியின் செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. ஏதோ பேச்சு. வேன் போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

முன்கதவு திறந்தது. ஆறடியை எதிர்பார்த்து முஷ்டியை மடக்கினேன். கேட்டது வளையல் சத்தம். சீட் சர்ரென்று முன்னால் நகர்ந்தது. ஒரே திருகு. ஒரே ஒரு திருகு! எஞ்சின் புதுசு மாதிரி உறுமியது.

கவரை விலக்கி எட்டிப் பார்த்தேன். ஸ்விட்சில் தொங்கியது எங்கள் பீரோ சாவி.

துரோகி! அவளைச் சொல்லவில்லை, காரைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் கெஞ்சிய எனக்கு மசியாதது, ஒரு பீரோ சாவிக்கு இப்படிப் பல்லைக் காட்டுகிறது. மாஸ்டர் மேல் இருந்த பொறாமை மொத்தமும் அந்தச் சாவி மேல் பாய்ந்தது. போதாததற்கு என்ன ஓட்டு! ஒரு குலுக்கல் இல்லை. நான் எப்போதும் உரசுகிற திருப்பத்தில்கூட உரசவில்லை.

கார் நின்றது.

"எழுந்திருங்க. ஆபீஸ் வந்தாச்சு."

கவருக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று யோசித்தேன்.

"எ... எப்படித் தெரியும்?"

"சாப்பாட்டு டப்பாவ மேஜையிலயே வெச்சிட்டுப் போனீங்க. குடுக்கலாம்னு பின்னாலயே வந்தேன். நீங்க ஷெட்டுக்குள்ள திரும்பறதப் பார்த்தேன். சார் இன்னிக்கு கார்ல வரார்னு வேன்காரர்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன்."

"பீரோ சாவி எப்படி..."

"ஸ்விட்ச் தேஞ்சு போச்சுன்னா எதப் போட்டாலும் சுத்தும்னு மெக்கானிக் அன்னிக்கே சொன்னாரே. உங்க சாவியும் சேர்ந்து தேஞ்சிருக்கு. அதான் உங்களுக்கு மட்டும் மக்கர் பண்ணுது."

எல்லாம் சரி. என்னை அரித்த கேள்வி வேறு.

"சீட்ட யாரு அவ்வளவு பின்னால தள்ளினது?"

"நான்தான். ஓட்டி முடிச்சதும் உங்களுக்கு ஏத்த மாதிரி தள்ளி வெச்சேன்." என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். "உங்க கால் இன்னும் கொஞ்சம் நீளம்னு நெனச்சிட்டேன்."

நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஆபீஸ் காவலாளி ஓடி வந்து கேட்டைத் திறந்து ஒரு சல்யூட் வைத்தார், அவளுக்கு.

"சாயங்காலம் வேன்லயே வந்துடுங்க. எனக்கு வெளிய கொஞ்சம் வேலை இருக்கு."

வளைத்து ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டாள். அழகாகத்தான் எடுத்தாள்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கார் சாவி பத்திரமாக இருந்தது.