ஆந்தை பாயின் உளி

மும்பையில் மூக்கின் மேல் கோபம் வைத்திருப்பவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால், தாராவி ஆந்தை பாய்தான் முதலில் நிற்பார். வரிசை கோணலாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே நிற்பார்.

மழையைத் திட்டுவார், மின்விசிறியைத் திட்டுவார், பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்தவரை "இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?" என்று திட்டுவார். கழுத்துச் சங்கிலியில் கோக்கிற டாலர்களைப் பழங்காலக் காசுகளைப் போலவே அடித்துக் கொடுப்பது தொழில். பட்டறையில் அதிகம் விலைபோனது ஏதென்ஸ் நகரத்து ஆந்தைக் காசு. பெயர் அப்படி வந்ததுதான்.

நான் மாட்டுங்காவில் முப்பது வருடம் வங்கி மேசையைத் தேய்த்தவன். கிரேக்கர்கள் வங்கியையே 'மேசை' என்றுதான் சொன்னார்கள் என்று படித்த நாள் முதல் அந்தக் காசுகள் மேல் பைத்தியம். ஓய்வு பெற்றதும் ஒரு கண்காட்சியில், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்து அசல் என்று வியாபாரி ஒருவன் சத்தியம் செய்த வெள்ளி ஆந்தையை வாங்கினேன். அதற்கு வளையம் வைக்கத்தான் முதன்முதலில் பாயிடம் போனேன்.

பூதக்கண்ணாடியில் பார்த்ததுமே அவர் முகம் சிவந்தது.

"எங்க வாங்கினீரு? இது போன நோம்புக்கு முந்தி நான் அடிச்சதுல்லா!"

"உளறாதீங்கோ பாய். கிறிஸ்து பிறக்கறதுக்கு முந்தினது."

"ஆந்தைக்கு எடது கண்ணுக்குக் கீழ கீறல் இருக்கா? என் அச்சுல விழுந்த கீறல்வே அது. மேல வெள்ளி முலாம், உள்ள பூராவும் செம்பு. டாலர்னு எங்கிட்ட வாங்கிட்டுப் போயி, அசல்னு உம்ம தலையில கட்டிருக்கான்!"

எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏதென்ஸ்ல இந்த அக்கிரமம் நடக்குமா? சந்தையில, பணம் மாத்தறவா மேசைகளுக்கு நடுவுல, காசைச் சோதிக்கன்னே ஒருத்தன் உக்காந்திருப்பான். அரசாங்க அடிமை. உள்ள செம்பு தெரிஞ்சா அங்கேயே குறுக்க வெட்டிடுவான்!"

"ஒரு அடிமைக்கு இருந்த ரோசம் எனக்கு இல்லையா?"

உளியை எடுத்தார். முதலில் வெட்டியது என் காசை!

"ஐயோ, என்னோடது பாய்!"

"நாளைக்கு உம்ம மவன் இத இன்னொருத்தன் தலையில கட்டினா?"

அடுத்து, அதே வியாபாரிக்காகப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த நானூறு ஆந்தைகளையும் கொட்டினார். பட்டறையின் பாதிப் பிழைப்பு அந்த ஒரே ஆளை நம்பித்தான் ஓடியது. அதை அவர் வாயாலேயே கேட்டதும் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் பாய், பிழைப்பு போயிடும்!"

"போவட்டும். கைய விடும்வே!"

மறுநாள் வியாபாரி வந்தான். அவனோடு சண்டை போடவென்றே நானும் போயிருந்தேன். பெட்டியைத் திறந்தவன், "பாய், யே க்யா கர் தியா?" என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று அலறினான்.

"ஏதென்ஸ் கா கானூன் ஹை!" ஏதென்ஸ் சட்டமாம், பாய் கர்ஜித்தார். நான் வாயைத் திறக்கவே வாய்ப்பில்லை.

அந்த அயோக்கியன் இன்றும் ஏதோ கண்காட்சியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பான். வாடகை கட்ட முடியாமல் பட்டறையைக் காலி செய்தவர் பாய்தான். இப்போது மான்குர்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து டாலர் அடிக்கிறார். நான் போகும்போதெல்லாம், வந்ததற்கும் திட்டுவார், கிளம்புவதற்கும் திட்டுவார். அந்த நானூறைப் பற்றி மட்டும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வெட்டுப்பட்ட என் ஆந்தைக்கு அவரே வளையம் வைத்துக் கொடுத்தார். என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. யாராவது நிஜமான ஏதென்ஸ் காசையே கொண்டுவந்து நீட்டினாலும், இதைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள மாட்டேன்.