நூறு சதவீத வருகை

வைரஸின் முன்னேற்றத்துக்கு மனிதகுலம் ஆற்றிய தொண்டு மகத்தானது. அதிலும் இந்த வைரஸ் ஆய்வு நிலையத்துக்கே முதலிடம். "காய்ச்சலிலும் கடமை" என்று வாசலிலேயே பலகை உண்டு. நூறு சதவீத வருகைக்கான கேடயம் மூன்று ஆண்டுகளாக வேறு எங்கும் போனதில்லை.

அன்றைய கூட்டத்தின் பொருள், ஆய்வுக்கூடத்தின் பதினான்கு வௌவால்களைக் "கண்ணியமாக அப்புறப்படுத்துதல்". நிலையத்தில் பரவும் காய்ச்சலுக்கு அவையே காரணம் என்று இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். குட்டியிலிருந்து அவற்றுக்குப் பால் புகட்டி வளர்த்த ஆய்வாளர் எழுந்தாள்.

"சார், வௌவாலுக்குள்ள இருக்கிறது இதோட பங்காளி வைரஸ். ரெண்டு வருஷமா பெரிசா மாறல. வௌவால் உடம்பு ரொம்ப சண்டை போடாம அதை அடக்கி வெச்சுக்குது. நம்ம உடம்பு அதுக்குப் புதுசு. நாம விரட்டுறோம், அது தப்பிக்க உருமாறுது. ஆளுக்கு ஆள் தாவத் தாவ வாய்ப்பும் கூடுது. நம்ம ஊழியர்கள்கிட்ட மட்டும் ரெண்டு மாசத்துல ஆறு உருமாற்றம்!"

"ரெண்டு வருஷமா மாறவே இல்லையா?" இயக்குநர் வருத்தப்பட்டார். "சுத்த சோம்பேறி வௌவாலுங்க."

"நம்மகிட்ட ஆறு!" நிர்வாக அலுவலர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டறிக்கையில 'சாதனை'ன்னு போட்டுடலாம் சார்."

"காய்ச்சல்காரங்க நாலு நாள் வீட்ல இருந்தாலே போதும் சார்..."

"கேடயம் போயிடும்மா."

இயக்குநர் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, இரண்டு முறை மனதார இருமிவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார். அதே மைக் கைமாறி வர, பன்னிரண்டு உறுப்பினர்களும் இருமி வழிமொழிந்தார்கள். மாலைக்குள் கூண்டு காலி. ஆய்வாளர் அதைக் கழுவும்போது வாய்விட்டு அழுதாள்.

அடுத்த மாதம் இயக்குநர் அவளை அழைத்தார். குரல் கம்மியிருந்தது.

"வௌவாலே இல்லாம எப்படிம்மா எட்டாவது உருமாற்றம் வந்துச்சு?"

"இருந்தப்பவும் அதுங்களால வரல சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இன்னொரு பதினாலு கிடைக்குமா பாரு. அறிக்கையில 'காரணம்'கிற இடம் காலியா இருக்கு. மேலிடத்துல கேப்பாங்க."

"அலைய வேண்டாம் சார், நானே நிரப்பித் தரேன்."

அன்றே நிரப்பிக் கொடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் அந்த மாத வருகைப் பதிவேட்டின் நகலை ஒட்டியிருந்தாள். முதல் கையெழுத்து இயக்குநருடையது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.