மலையேறிய மாப்பிள்ளை

"இனி தினமும் நடந்தே மலையேறுவேன்!" என்று அல்மாட்டி நகர டாக்டர் முன்னால் சபதம் செய்தேன். பக்கத்தில் என் மனைவி குல்பாஷ் உட்கார்ந்திருந்தாள். வேறு என்னதான் செய்வது?

எனக்கு வியாதி ஒன்றுமில்லை. பயம்தான். எங்கள் ஊரில் மரியாதை என்றால் பாதிக் கிண்ணம் தேநீர். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். குல்பாஷ் ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றிவிட்டால் போதும், அன்றைக்குத் தூக்கம் போச்சு. "மாத்திரை வேண்டாம். உடம்பு வேர்த்தால் மனசு அடங்கும்" என்றார் டாக்டர்.

நானாவது, வேர்ப்பதாவது! மலை மேல் தேநீர்க் கடை இருக்கிறது. கடை வாசலுக்கே பஸ் போகிறது. ஏறி உட்கார்வது, சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை தின்பது, ஓடைத் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு 'வேர்வையோடு' வீடு திரும்புவது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாளே பஸ்ஸின் முன் சீட்டில் ஒரு தலை திரும்பியது. குல்பாஷின் அக்கா ராப்கா!

"யாரு, மாப்பிள்ளையா? நடந்து போறதா அவ சொன்னாளே?"

"நடந்துக்கிட்டுதான் இருந்தேன் அக்கா. பஸ் குறுக்க வந்துடுச்சு!"

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, மானத்தைக் காப்பாற்ற உச்சி வரை ஓடினேன். மறுநாள் பஸ்ஸில் குல்பாஷின் தாய்மாமா சைலாவ். மறுபடி ஓட்டம். சரி என்று டாக்ஸி பிடித்துக் கடைக்குப் போனால், அங்கே அவள் சித்தி! நான் ஓடியதும் என் தட்டையும் அவளே காலி செய்திருக்கிறாள்.

வேறு வழியில்லாமல் நடந்தேன். ஒரு மாதம் போனதும் பார்த்தால், படபடப்பைக் காணோம்! படுத்தால் குறட்டை. வழியில் ஆப்பிள் மரங்கள் பூத்திருப்பதுகூடக் கண்ணில் பட்டது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் விருந்துக்குக் கூடினார்கள்.

"எனக்கு முட்டி வலிடி குல்பாஷ். இனி பஸ் டூட்டிக்கு வேற ஆளைப் பாரு" என்றாள் ராப்கா.

"எனக்குக் கடை டூட்டியே இருக்கட்டும். பவுர்சாக் நல்லாருக்கு" என்றாள் சித்தி.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "டூட்டியா? என்ன டூட்டி?"

"எதுக்கெடுத்தாலும் பயப்படுறீங்களே, அதையே மருந்தாக் குடுத்தேங்க. நல்லாத்தானே இருக்கீங்க?" என்று குல்பாஷ் சிரித்தாள்.

"சதி! இனி ஒரு அடி நடக்கமாட்டேன்!" என்று முழங்கினேன்.

குல்பாஷ் என் கிண்ணத்தை இழுத்துத் தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றினாள்.

நான் எழுந்து ஷூவைத் தேடினேன்.