ஒன்பது கோழிகளின் வேலைநிறுத்தம்

நாற்பது வருடம் பெஜாயா துறைமுக முதலாளிகளை நடுங்க வைத்தவன் நான். எழுதிய துண்டறிக்கைகளுக்காக இரண்டு முறை சிறை போனேன். தொழிற்சங்கம் என்னை மறந்துவிட்டது. மறக்கட்டும். இந்தக் குளிரில் என் வீட்டுக் கோழி ஒன்றுகூட விறைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டேன். ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்தது நான் மட்டும்தான்.

மலையில் பனி விழுந்த அன்றே கூண்டின் சந்து பொந்தெல்லாம் பிளாஸ்டிக் தாள் வைத்து ஆணியடித்தேன்.

என் மனைவி வர்தியா வந்து பார்த்தாள். "கூரைக்குக் கீழ ஒரு சந்தாவது விடுங்க. அதுங்க மூச்சே தண்ணியா சொட்டும். கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது."

"காத்து நின்னா குளிர் நின்னுச்சு. இது விஞ்ஞானம்!"

"பேசாம உங்க அறையைக் குடுங்க. உங்கப்பா காலத்துல அது தொழுவம்தானே?"

வீட்டுக்குள்ளேயே இரண்டு படி இறங்கினால் வரும் அந்தத் தொழுவத்தைத்தான் படிப்பறை ஆக்கியிருந்தேன். என் துண்டறிக்கைகள் எல்லாம் அங்கே. என் வாழ்க்கையே அங்கே.

"என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது!"

மூன்றாம் நாள் கூண்டுக்குள் மட்டும் மழை. வைக்கோல் ஊறிப்போனது. நான்காம் நாள் சாப்பாட்டுக்குக் கூஸ்கூஸ் முட்டையில்லாமல் வந்தது.

"என்னடி இது?"

"வேலைநிறுத்தம்."

"யாரு?"

"ஒன்பது பேரும்தான். ஈரத்துல வேலை செய்ய மாட்டாங்களாம்."

"தீனியை நிறுத்து. தானா வழிக்கு வரும்."

"சரிங்க முதலாளி."

முதலாளி! என்னையா!

ஒரு வாரம் பல்லைக் கடித்தேன். வேலைநிறுத்தத்தின் எட்டாம் நாள் அவள் அடுப்படியில் நின்று ஒரு பழைய தாளை உரக்க வாசித்தாள்: "ஈரக் கொட்டடியில் அடைத்தவனுக்கு உழைப்பைக் கேட்க உரிமை இல்லை."

நான் எழுதியது. அடியில் என் பெயர், மொக்ரான்.

கட்டுக் கட்டாகத் துண்டறிக்கைகளைக் கூண்டுக்குச் சுமந்தேன். கோழிகள் எதிரே வந்தன, என் அறைக்கு. ஒன்றும் வழிவிடவில்லை. மறுநாள் காலை ஆறு முட்டை. தோற்றது நானானாலும் வென்றது தொழிலாளர் வர்க்கம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

பக்கத்து வீட்டு ஜூஹர் சுவரின் மேல் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒரு வாரமா முட்டை குடுத்தனுப்பினீங்களே, இந்தாங்க உங்க கூடை!"

உள்ளே ஓடினேன். "அடியே, கோழி முட்டை போட்டுக்கிட்டுதான் இருந்துச்சா?"

"தினமும் நாலு."

"அப்ப வேலைநிறுத்தம்?"

"நான் பண்ணினது, தோழரே. அதுங்க தும்முனதை நீங்க கேக்கவே இல்ல. அதுங்களுக்காக யாராவது பேசணும்ல?"

இதைக் கூண்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காற்று துளியும் வரவில்லை. என் மூச்சுதான் தலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.