கோகிலவாணி வாய் திறந்தாள்

மிளகு பறிப்புக்கு முந்தின வாரம் நான் மாபெரும் முடிவு ஒன்று எடுத்தேன். என் மகளைப் பேச வைப்பது.

மூன்று வயதாகிறது. கோகிலவாணி என்று பெயர். குயில் பெயரில் மட்டும்தான். வாயில் நாலே சொல்: அம்மா, அப்பா, பால், வேண்டாம். என் மனைவி அம்சவேணிக்கு அந்தக் கவலை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கும்தான்.

அங்கன்வாடி டீச்சர் சுமித்ரா வழி சொன்னார். "காது நல்லாத்தான் கேக்குது. பாக்கறது, செய்யறது எல்லாத்தையும் குழந்தைகிட்டச் சொல்லிக்கிட்டே இருங்க. படம் காட்டிக் கதை சொல்லுங்க."

எனக்குப் பொறி தட்டியது.

"அம்சா, பாப்பாவை நானே நாலு எடம் கூட்டிப்போயிப் பேசறேன். ஆனா மொளகு பறிக்க வர முடியாது."

"நெசமாவாங்க?"

"புள்ளையவிட மொளகு பெருசா?"

"மொளகு சின்னதுதானுங்க. போயிட்டு வாங்க."

அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தினமும் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராகக் காளியண்ணன் டீக்கடை. அங்கே சீட்டாட்டம். ஆனால் கடமையில் குறை வைக்கவில்லை. "இது போண்டா, கண்ணு. இது ராஜா. இது ராணி." படப்புத்தகம் இல்லாவிட்டால் என்ன, சீட்டிலும் படம் இருக்கிறதே!

ஒரு மாதம் போனது. ஒரு சாயங்காலம் அம்சவேணி மிளகுக் கூடையை இறக்கிவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, இன்னிக்கு அப்பா என்ன செஞ்சாரு?"

"அப்பா போண்டா தின்னாரு. மூணு. ராணி போச்சு. அப்பா திட்டுனாரு. அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு."

கடைசி வாக்கியம் என்னுடையது. ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அம்சவேணி கண் கலங்கி மகளை முத்தமிட்டாள். எனக்கோ பாதி சந்தோஷம், பாதி பயம்.

"உங்க புண்ணியத்துல புள்ள பேசிட்டாளுங்க. நான் பத்து நாளா தெனமும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"பத்து நாளாவா?"

"மொதல்ல 'போண்டா'ன்னா. அப்பறம் 'ராணி'ன்னா. எந்த ராணின்னு தெரியாம ரெண்டு நாள் நான் பட்ட பாடு! சரி, வாக்கியம் முழுசா வரட்டும்னு பொறுத்துக்கிட்டேன்."

வீட்டில் பேசத் தெரியாதவன் இப்போது நான்தான்.

"அடுத்து எண்ணப் பழக்கணுமாமுங்க. நாளைக்கு நீங்க மொளகுக் கொடிக்கு ஏணி போட்டு ஏறுங்க. எத்தனை தடவை எறங்கறீங்கன்னு பாப்பா எண்ணட்டும்."

மறுநாள் காலை ஒரு பீடிக்காக ஏணியிலிருந்து மெல்ல இறங்கி, தரையில் கால் வைத்தேன்.

"ஒண்ணு!" என்று கத்தினாள் என் மகள், மலையடிவாரத்துக் காரவள்ளி ஊர் வரைக்கும் கேட்கிற மாதிரி.